கதவைத் தாண்டாத சத்தம்

இந்த வாரம் வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நாவலப்பிட்டி மாரியம்மன் மேல் ஆணை. கம்பளைப் பாதையில் முந்திக்கொண்டு ஓடும் பஸ்கள் மேல் ஆணை. அதற்கும் மேலே சந்தேகப்படுகிறவர்களுக்காக, இதை எழுதுகிற வலது கையின் மேலும் ஆணை. போன வாரம் சொன்னதைச் சில வாசகர்கள் நம்பவில்லை என்று பத்திரிகை ஆசிரியர் வருத்தத்தோடு தெரிவித்திருக்கிறார். பன்வில மலையில் கட்டிய லவுட் ஸ்பீக்கரின் சத்தத்தில், எதிர்மலைக் கோழிகள் எல்லாம் மறுநாள் இடவேண்டிய முட்டையை அன்றைக்கே இட்டுவிட்டன என்று எழுதியிருந்தது. இதில் நம்புவதற்கு என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. கோழிக்கும் காது உண்டு.

அந்த ஸ்பீக்கரைக் கட்டியவர் மூக்கையா. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்வதென்றால், நாவலப்பிட்டியில் லவுட் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் திருவிழாவோ, கல்யாணமோ, சாவோ, அவருடைய புனல் ஸ்பீக்கர்கள் மரத்தில் ஏறாமல் எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருடைய ஒரே மகள் சந்திரிகா. கொழும்புக் கம்பெனி ஒன்றில், பணக்காரர்கள் வீட்டுக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கிற வெளிநாட்டுக் கருவிகளை விற்கிறாள். போன வாரம் தொலைபேசியில் பேச்சு முற்றி, "அப்பா, ஒங்க புனல்ல வர்றது பாட்டு இல்ல, அறிவிப்பு" என்று சொல்லிவிட்டாள். மூக்கையா போனை வைத்துவிட்டார். கண்டி ஹோட்டலில் அவள் நடத்தப்போகும் கண்காட்சியின் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபதமும் எடுத்துக்கொண்டார்.

சபதம் சனிக்கிழமை காலை வரை திடமாகத்தான் இருந்தது.

"நான் கண்டிக்குப் போறேன்" என்றாள் அவர் மனைவி வடிவம்மா. பட்டுச்சேலை கட்டி, கையில் ஃபிளாஸ்க் வைத்திருந்தாள். "சோறு மூடி வச்சிருக்கு. சாப்பிட்டுட்டு இருங்க."

"போயேன். யாரு தடுத்தா?"

"நீங்கதான் வாசலையே அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

மூக்கையா நகரவில்லை. வடிவம்மா குரலை இறக்கினாள். "இன்னைக்கு அவளுக்கு என்ன நாளுன்னு தெரியுமா? சாயந்தரத்துக்குள்ள ஒரு செட்டாவது விக்கணும். வித்தா கண்டியிலயே கடை தொறப்பாங்க, நம்ம புள்ளதான் மனேஜர். விக்கலைன்னா கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்டியில யாரு வாங்குவான்னு கேட்ட கம்பெனிய, இவதான் மல்லுக்கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கா."

"ஒரு செட்டுதானே. விப்பா."

"அந்த வெலைக்கு ஒரு வேன் வாங்கலாமாம்."

"வேனுன்னா சத்தமாவது வெளிய கேக்கும்" என்றார் மூக்கையா. பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க எங்க?"

"ஒனக்குக் கொடை புடிக்க ஆள் வேணாமா?"

"மழையே இல்லையே."

"வரும்."

பங்குனி மாத வெயில் அது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தாலும் மூக்கையா சொன்னது பலித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ரயில் கெலிஓயாவைத் தாண்டும்போது வடிவம்மா ஒரு விஷயத்தை மெல்லச் சொன்னாள். கம்பெனியில் சொந்தக்காரர்களைக் கூட்டிவரக் கூடாதாம். மனேஜர் கண்டிப்பான ஆள். ஆகவே உள்ளே போனால் வாடிக்கையாளர் மாதிரி இருக்கவேண்டும். மகளே என்று கூப்பிடக் கூடாது.

"அப்ப என்னன்னு கூப்புடுறது?"

"மிஸ்ஸுன்னு கூப்புடுங்க."

பேராதெனியாவிலிருந்து கண்டி வரை மூக்கையா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார்.

வாவிக்கரை ஹோட்டலின் மாடி மண்டபம். வடிவம்மாவின் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், பலாக்கொட்டை போல மினுமினுத்தன. நடுவே அம்ப்ளிபயர், அதன் தலையில் கண்ணாடிக் குழல்கள் சாம்பிராணித் தணலாகச் சிவந்திருந்தன. பக்கத்தில் இசைத்தட்டு சுழலும் பெட்டி. எதிரே, தனியாக, ஒரே ஒரு மெத்தைக் கதிரை.

சந்திரிகா நீலச் சேலையில் நின்றாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அது சந்தோஷமா, பயமா என்று பார்ப்பதற்குள் அவள் கைகூப்பிவிட்டாள்.

"வாங்க சேர். வாங்க அம்மா. உட்காருங்க."

சேர் என்றதும் மூக்கையா பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

மனேஜர் செல்லப்பா மூலையில் நின்றார். யாழ்ப்பாணத்து ஆள், கழுத்துப்பட்டி அணிந்தவர், நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் பார்க்கிறவர். "தொடங்குங்கோ பிள்ளை" என்றார்.

சந்திரிகா விளக்கினாள். இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் சரியாகச் சந்திக்கிற இடம் அந்தக் கதிரைதான். அதில் உட்காருகிற ஒருவருக்கு, பாடுகிறவர் நேரில் வந்து நின்று பாடுவதுபோல இருக்கும்.

ஒரே ஒரு ஆளுக்கு ஒரு திருவிழாவா என்று மூக்கையா வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. பிள்ளையார் பாட்டுப் போடாமலே அவள் ஆரம்பித்துவிட்டாள். முதல் தட்டாக அவள் போட்டது மழை. வெறும் மழைச் சத்தம்.

ஊசி தட்டில் இறங்கியதுதான் தாமதம், மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தலையில் கையை வைத்தார்கள். ஒரு அம்மா காலணியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வெளியே வராந்தாவில் இருந்த ஹோட்டல் ஊழியர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினார். மூக்கையா மட்டும் நிதானமாகக் குடையை விரித்து வடிவம்மாவுக்குப் பிடித்தார்.

"நான் சொன்னேன்ல" என்றார்.

தட்டு முடிந்தபோது குடைக்கு வெளியே இருந்த செல்லப்பாவின் கழுத்துப்பட்டி பிழிகிற பதத்தில் இருந்தது. அவர் அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது ஒரு பாடகரின் தட்டு. உருக்கமான பாட்டு. இரண்டாவது அடியில் அவர் இலேசாக இருமினார். சாதாரண ரேடியோவில் அது காதில் விழவே விழாது. இந்த ஸ்பீக்கரில், இருமல் நெஞ்சின் இடதுபக்கத்திலிருந்து வருகிறது என்பது வரைக்கும் தெரிந்தது.

"பாவம், சளி கட்டியிருக்கு" என்று வடிவம்மா எழுந்தாள். அவர் பாடிக்கொண்டிருந்தபடியே, ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றி இடதுபக்க ஸ்பீக்கரின் முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா" என்று வாய்தவறிச் சொன்ன சந்திரிகா, செல்லப்பாவைப் பார்த்ததும், "அம்மா, சாமான் பக்கத்துல தண்ணி வைக்கக் கூடாதுங்க" என்று திருத்திக்கொண்டாள்.

ஆனால் அதே தட்டை இரண்டாவது முறை போட்டபோது இருமல் இல்லை. கோப்பையும் காலி. செல்லப்பா ஸ்பீக்கரின் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இத்தனை நடந்தும் விற்பனை நடக்கவில்லை. வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்தார்கள், கண்ணை மூடினார்கள், சிலர் அழுதார்கள், பெட்டிஸ் சாப்பிட்டார்கள், போனார்கள். வெயில் சாயத் தொடங்கியது. சந்திரிகாவின் சிரிப்பு மட்டும் மாறவில்லை. அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்ததை மூக்கையா பார்த்தார். சின்ன வயதில் பரீட்சை முடிவு வருகிற நாளில் இப்படித்தான் பாவாடையை முறுக்குவாள்.

கடைசியில் வந்தவர்கள்தான் பெரிய நம்பிக்கை. கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரும் அவர் மனைவி அனீஸாவும். ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து ஒரு பக்கத் தட்டு முழுவதையும் அசையாமல் கேட்டார். செல்லப்பா கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார். வடிவம்மா முந்தானைக்குள் கைகூப்பினாள்.

ஹாஜியார் எழுந்தார். "நல்லாத்தான் ஈக்கி" என்றார். "யோசிச்சிட்டுச் செல்லுறேன் தங்கச்சி."

யோசித்துச் சொல்கிறேன் என்ற வசனத்தின் அர்த்தம் விற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். சந்திரிகா சிரித்தபடியே தலையாட்டினாள். செல்லப்பா அவள் அருகே வந்து, "நான் முதலே சொன்னனான் பிள்ளை, கண்டி சரிவராதெண்டு" என்றார். "கொழும்புக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுவம்."

மூக்கையாவுக்குப் பொறுக்கவில்லை. சாமானில் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் மகள் கையால் கொடுத்ததை ஒருவர் வேண்டாம் என்பாரா? கோளாறு என்னவென்று பார்த்துவிடுவது என்று எழுந்தார்.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லவுட் ஸ்பீக்கர்காரர்கள் யாரும் ஸ்பீக்கரின் முன்னால் நின்று அதைச் சோதிப்பதில்லை. முன்னால் நின்றால் அது பாடுகிறது என்று மட்டும்தான் தெரியும். முதுகைக் காட்டி நடக்கவேண்டும். லயத்து வீடுகள் தாண்டி, கொழுந்து நிறுக்கும் மடுவம் தாண்டி, ஆறு தாண்டி, சத்தம் எங்கே சாகிறதோ அங்கே நிற்கவேண்டும். அந்த இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்ல ஸ்பீக்கர். பன்விலவில் கட்டியதற்கு அவர் நடந்து நடந்து, சத்தம் சாவதற்கு முன்னால் செருப்புச் செத்துப்போனது.

அவர் சந்திரிகாவின் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நடந்தார். மண்டபக் கதவு கனமான தேக்கு. அதைத் தள்ளி வெளியே போனார். கதவு தானாக மூடியது.

சத்தம் செத்தது.

மூக்கையா திடுக்கிட்டுக் கதவைத் திறந்தார். பாட்டு இருந்தது. வெளியே வந்தார். இல்லை. மறுபடி திறந்தார். இருந்தது. இப்படிப் பல தடவை போய் வந்தார். ஹோட்டல் ஊழியர்கள் அவரைக் கதவு திருத்த வந்த ஆள் என்று நினைத்து, கீலில் விட எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மூக்கையாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மகளை யாரோ வெளிநாட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான். மைக்கில் பேசிப் பழகிய குரல் அவருக்கு. மைக் இல்லாவிட்டாலும் அந்தக் குரலுக்கு அது தெரியாது. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ், இந்தச் சாமான் செத்த சாமான். கதவத் தாண்ட மாட்டேங்குது."

வாவியில் நீந்திக்கொண்டிருந்த நீர்க்காகங்கள் ஒரே நேரத்தில் முங்கின. படியில் இறங்கிக்கொண்டிருந்த ஹாஜியார் நின்றார். மண்டபத்தில் மிஞ்சியிருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

செல்லப்பாவின் முகம் சிவந்தது. "ஆர் இந்த ஆள்? காலமையில இருந்து நிண்டு கரைச்சல் குடுக்கிறார். பிள்ளை, ஹோட்டல்காரரைக் கூப்பிட்டு வெளியில அனுப்புங்கோ."

சந்திரிகா தலைப்பை முறுக்குவதை நிறுத்தினாள். மூக்கையா அவளையே பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று அப்போதுதான் தோன்றியது. மிஸ் என்று கூப்பிட்டதில் மட்டும் பிழையில்லை. இனி அவள் என்ன சொன்னாலும் சரி, குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தார்.

"அனுப்ப முடியாது சேர்" என்றாள் சந்திரிகா. "இவர் எங்கப்பா."

செல்லப்பா கடிகாரத்துக்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தினார்.

"லவுட் ஸ்பீக்கர்காரர். அதுல வந்த சோத்துலதான் நான் வளந்தேன். கம்பெனி சட்டம் தெரியும். நாளைக்கு என்னைய அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. இன்னைக்கு இவரு இங்கதான் இருப்பாரு." பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொன்னது சரிதாம்ப்பா. கதவத் தாண்டாது. தாண்டக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்காங்க. கேக்குறவங்களுக்கு மட்டும்தான் கேக்கணும்."

"அதுல என்னம்மா பெருமை?" என்றார் மூக்கையா, உண்மையாகவே புரியாமல்.

படியிலிருந்து ஹாஜியார் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"தங்கச்சி, மெய்யாவே கதவத் தாண்டாதா?"

"தாண்டாது ஹாஜியார்."

"செவரு?"

"கட்டுன செவருன்னா அதையும் தாண்டாது."

ஹாஜியார் அந்த மெத்தைக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "இத முதல்லயே செல்ல இல்லையே" என்றார். "இவட நானா மஹ்மூத், என்ட மச்சான், எங்கட வீட்டுச் செவருக்கு மத்தப் பக்கம் ஈக்கிறார். நான் ரேடியோவத் தொட்டாப் போதும், வந்திருவார். வந்து சும்மாவா ஈப்பார்? பாட்டுக்கு மேலால கதை செல்லுவார். நான் ஒரு பாட்ட முழுசாக் கேட்டு எத்தின வருஷம் தெரியுமா?"

"என்ட நானாவ ஊர் முன்னுக்கு அப்படிச் செல்லாதீங்க" என்றாள் அனீஸா.

"ஒங்கட நானா தங்கமான மனுஷன். அவர்ட காதுதான் எனக்கு எதிரி." ஹாஜியார் மூக்கையாவைப் பார்த்தார். "நீங்க வெளிய நில்லுங்க. ஆனா நீங்க இந்தத் தங்கச்சிட வாப்பா. அதால அனீஸாவும் ஒங்களோட நிக்கட்டும். அவ நானாவுக்காகவாச்சும் மெய்யச் செல்லுவா."

அப்படியே ஆயிற்று. மூக்கையாவும் அனீஸாவும் வெளியே போனார்கள். கதவு மூடியது. சந்திரிகா தவில் தட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டுகிற திருகை முடிந்தமட்டும் திருப்பினாள்.

உள்ளே நடந்ததை வடிவம்மா பிறகு சொன்னபடி எழுதுகிறோம். யாரும் போடாத மின்விசிறி தானாகச் சுழன்றது. வடிவம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. பெட்டிஸ் தட்டு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போக, செல்லப்பா விளிம்பில் பிடித்தார். ஹாஜியாரின் தாடி இரண்டாகப் பிரிந்து இரண்டு தோளிலும் போய் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே, கதவடியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அனீஸா தேக்குக் கதவில் காதை வைத்தாள். மூக்கையா பூனையின் காதைப் பார்த்தபடி நின்றார். அது ஆடினால் மகளின் கடை போயிற்று. மலைக்கு மலை சத்தம் அனுப்பியவர், வாழ்நாளில் முதல்தடவையாக, ஒன்றும் கேட்டுவிடக் கூடாது தாயே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டார். அந்த அமைதியில் அவருடைய சொந்த நெஞ்சு அடிப்பதுதான் தொந்தரவாக இருந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பூனை மறுபக்கம் புரண்டு படுத்தது.

கதவு திறந்தது. சந்திரிகா தலைமுடி கலைந்து நின்றாள்.

"கேட்டுச்சாப்பா?"

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் மூக்கையா.

"ஒண்டுமே கேக்க இல்ல" என்றாள் அனீஸா, கொஞ்சம் வருத்தத்தோடு.

ஹாஜியார் எழுந்து வந்து செல்லப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு செட் எனக்கு. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கே கொண்டாங்க."

வடிவம்மா அவிழ்ந்த கொண்டையை முடியாமலே மகளைக் கட்டிப்பிடித்தாள். செல்லப்பா கொழும்புக்கு ஃபோன் எடுத்தார், "ஓம் ஓம், வித்தாச்சு. கண்டியில கடை போடலாம். ஓம், அந்தப் பிள்ளைதான் மனேஜர்" என்று நின்றபடியே சொன்னார். பேசி முடித்ததும் மூக்கையாவிடம் வந்தார்.

"ஐயா, நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சுப்போட்டன்."

"அதனால என்னங்க. நீங்க பேசினது கதவத் தாண்டல."

செல்லப்பா அன்று முதல்முறையாகச் சிரித்தார். சந்திரிகா ஒரு பெட்டிஸைப் பிட்டு அப்பாவின் கையில் வைத்தாள். "கடை தொறக்குற அன்னைக்கு வெளிய ஒங்க புனல் கட்டணும்ப்பா. கண்டி முழுக்கக் கேக்கணும். உள்ள வந்தா என்னோட ஸ்பீக்கர்."

"மொதல்ல பிள்ளையார் பாட்டு."

"சரி, மொதல்ல பிள்ளையார் பாட்டு."

மூக்கையா மென்றுகொண்டே வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிஸில் காரம் அதிகம் என்றார். அது கறிவேப்பிலைகூட இல்லாத உருளைக்கிழங்குப் பெட்டிஸ்.

அந்த நேரத்தில் படியேறி ஒருவர் வந்தார். பெரிய தொப்பை, வெள்ளைத் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவராம். யாரோ பெரிய குரலில் செத்த சாமான் என்றது கேட்டு, யாருக்கு என்னவோ என்று பார்க்க வந்தாராம். ஹாஜியாரைக் கண்டதும் கைகளை விரித்தார்.

"மச்சான், நீங்களா? எனத்த வாங்கினீங்க?"

ஹாஜியாரின் முகம் விழுந்தது. அனீஸாவின் முகம் மலர்ந்தது. "நானா" என்றாள்.

மஹ்மூத் யாரையும் கேட்காமல் அந்த மெத்தைக் கதிரையில் போய் அமர்ந்தார். ஒரு பாட்டுக் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தார். "அருமை மச்சான். ஆனா இது எங்கட பக்கத்துக்குக் கேக்காதே" என்றார். பிறகு மூக்கையாவின் பக்கம் திரும்பி, "அண்ணே, செவருக்கு அந்தப் பக்கமும் நல்லாக் கேக்குற மாதிரி, ஒங்கட கையில ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார்.

மூக்கையாவின் கண்கள் மின்னின. அவர் வாயைத் திறப்பதற்குள் சந்திரிகா அவர் காலை மிதித்தாள்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் எல்லோரும் கேட்ட அதே இரண்டு ஸ்பீக்கர்களை வெளிநாட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல், கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது அதற்கடுத்த புதன்கிழமை.